எண்ணூறுக்கு எந்த இன்ஜின், சகலை?

சகலை,

இன்று காலை டாக்ஸியின் பிரேக்கைப் பிரித்துச் சரிசெய்துவிட்டு, கை கழுவச் சோப்பைத் தேடினால் காணோம். உங்கள் கொழுந்தியாள் ரோஸ்லின் உள்ளே இருந்தபடியே ஒரு பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினாள். தைலம். கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் சளிக்கும் தலைவலிக்கும் வாங்கிப்போகிற தைலத்தை, கிரீஸ் கழுவ உள்ளங்கையில் ஊற்றிக்கொள்கிற ஒரே ஆள் நீங்கள்தான். "நாலு சொட்டு போதும் சகலை, சோப்பெல்லாம் டூரிஸ்ட்டுக்கு" என்பீர்கள். இரண்டு கையையும் தேய்த்ததும் பெட்ரோலும் தைலமும் கலந்த அந்த வாசனை கிளம்பியது. நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள் என்றே நினைத்து, "ஸ்பேனரை எடுங்க" என்று கையை நீட்டிவிட்டேன். ரோஸ்லின் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கும் அந்த வாசனை தெரியும்.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. நம் எண்ணூறு காருக்கு எந்த இன்ஜின் போடுவது என்ற பழைய சண்டைதான். அதில் நான் ஜெயித்தேன், நீங்கள் தோற்றீர்கள் என்று நம்பிக்கொண்டே போய்விட்டீர்கள். அது உண்மையில்லை. எப்படி உண்மையில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். குறுக்கே பேச நீங்கள் இல்லாததால் ஆரம்பத்திலிருந்து ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். உங்களோடு பேசும்போது அது ஒருநாளும் நடந்ததில்லை.

சகலை உறவே ஒரு வேடிக்கையான உறவு. அக்காளையும் தங்கையையும் கட்டிய காரணத்துக்காக இரண்டு ஆண்கள் காலம் முழுக்க ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் மூத்தவளை, என் மதினியைக் கட்டியவர், முறைப்படி பெரியவர். நான் உங்களைவிட நான்கு வயது மூத்தவன், வயதுப்படி பெரியவன். யார் யாரை 'நீங்க' என்பது என்று முடிவாகாமல் கடைசிவரை இரண்டு பேருமே சொல்லிக்கொண்டோம். நீங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் லேப் அட்டெண்டர். நான் ஏரிக்கரை ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டுகிறவன். மாமனார் வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டைத் தவிர நமக்குள் பொதுவாக ஒன்றும் இல்லை. அவர் காலமான பிறகு அவருடைய வெள்ளை எண்ணூறு சிசி கார் நமக்கு வந்து சேர்ந்தது. மூன்று சிலிண்டர், கதவோரம் எல்லாம் துரு, பின்சீட்டுக்குள் எலிக் குடித்தனம். விற்கவும் மனமில்லை, வாங்கவும் ஆளில்லை என்று என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது போனில் ஒரு வீடியோ காட்டினீர்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் பழைய விமான ஓடுபாதை ஒன்றில் டிராக் பந்தயம். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. பச்சை விளக்கு எரிந்ததும் நேராக நானூறு மீட்டர். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். அவ்வளவுதான், அரை நிமிஷம்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வருஷமாக வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டிருக்கிறவனுக்கு, நேராகப் போவதற்குப் பெயர் பந்தயமா என்றிருந்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

"சகலை, நம்ம ஊர்ல நானூறு மீட்டர் நேரா எங்கயாவது ரோடு இருக்கா? வளைவே இல்லாம ஒரு தடவையாவது கார ஓட்டிப் பாத்திருக்கோமா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லைதான். ஏரியைச் சுற்றினாலும் வளைவு, கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் வளைவு. அந்தக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது.

பழைய இன்ஜின் இதற்குத் தாங்காது என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. எதைப் போடுவது என்பதில்தான் எல்லாம். பாலசமுத்திரத்தில் செல்லமுத்து அண்ணனின் காயலான் கடை நினைவிருக்கிறதா என்று உங்களிடம் கேட்பதே தப்பு. லீவு நாளெல்லாம் அங்கேதான் கிடந்தீர்கள். உடைந்த கார்களுக்கு நடுவே அவர் இரண்டு இன்ஜினைக் காட்டினார். ஒன்று ஆயிரத்து முந்நூறு சிசி, கார்புரேட்டர் வைத்த பழைய எஸ்டீம் இன்ஜின். இன்னொன்று ஆயிரத்து அறுநூறு, கம்ப்யூட்டர் பெட்டியோடு வருகிற பெரிய இன்ஜின். நான் பெரியதின் பக்கத்தில் போய் நின்றேன். நீங்கள் சின்னதின் மேல் கையை வைத்துக்கொண்டு, செல்லமுத்து அண்ணனின் தராசில் இரண்டையும் தூக்கி வைக்கச் சொன்னீர்கள். இரும்பு நிறுக்கிற தராசில் இன்ஜினை நிறுத்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"பள்ளிக்கூடத்துல வேல பாக்குறவருல்ல, அப்படித்தான் இருப்பாரு," என்றார் என்னிடம்.

எனக்கு என் வழி. மலையில் வண்டி ஓட்டுகிற யாரும் இன்ஜினைத் தராசில் பார்ப்பதில்லை, ஏற்றத்தில்தான் பார்ப்போம். ஸ்டாண்டில் ஒருவரிடம் அதே பெரிய இன்ஜின் கார் இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளாவரைக் காய்கறித் தோட்டங்களுக்குப் போனேன். பின்சீட்டிலும் டிக்கியிலும் கேரட்டும் பூண்டும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு திரும்பினேன். கடுமையான ஏற்றத்தில் எல்லாம் இரண்டாவது கியரிலேயே முனகாமல் இழுத்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தேன். மதினி ஒரு மூட்டைக் கேரட்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள். நீங்கள் மெதுவாக வந்து காரைச் சுற்றிப் பார்த்தீர்கள்.

"நல்லாத்தான் இழுத்திருக்கு. ஆனா சகலை, பந்தயத்துல கேரட் ஏத்தப் போறதில்லையே. ஏத்தமும் கெடையாது."

வாசலிலேயே அரை மணி நேரம் சண்டை. என் கட்சி எளிமையானது: பெரிய இன்ஜின் என்றால் அதிக பலம், அதிக பலம் என்றால் ஜெயிக்கலாம். நீங்கள் லேப் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டீர்கள். "இஞ்சின் வாங்குனா இஞ்சின் மட்டும் வராது. அதுக்கு ஒயரிங் வேணும், கம்ப்யூட்டர் பாக்ஸ் வேணும், அந்த பலத்தத் தாங்குற கியர்பாக்ஸ் வேணும், அச்சு வேணும். எல்லாத்தையும் வாங்கிட்டு டயர் வாங்கக் காசில்லாம நிப்போம். பச்சை எரியும், நம்ம சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தும், பக்கத்துக் காரு வீட்டுக்குப் போயிரும். சின்னது நாலு போல்ட்டுல உக்காந்துரும். மிச்சத்துல நல்ல டயரும் கிளட்சும் போடலாம். கார் எடை கம்மி, அதுக்கு இது போதும்." மதினி உள்ளே இருந்து, "ரெண்டு பேரும் உள்ள வந்து சண்ட போடுங்க, தெருவே பாக்குது" என்றார்கள்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் செய்தோம். இன்ஜின் உங்கள் இஷ்டம். கார்புரேட்டர் என் பொறுப்பு. அதில் மட்டும் நீங்கள் தலையிடக் கூடாது. நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள். இந்த ஒப்பந்தத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் சகலை, இனிமேல் சொல்லப்போவது இதைப் பற்றித்தான்.

அந்த ஐந்து மாதத்தைப் போல ஒரு காலம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. நீங்கள் பள்ளிக்கூடம் முடிந்து வருவீர்கள், நான் ஏர்போர்ட் டிரிப் கிடைத்தால்கூட வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டு ஷெட்டில் இருப்பேன். பின்சீட்டைக் கழற்றி எடை போட்டீர்கள். ஸ்பேர் டயரை எடை போட்டீர்கள். கதவுக்குள் இருந்த ஜன்னல் சுற்றும் கைப்பிடியை மிட்டாய்க் கடைத் தராசில் வைத்தீர்கள். என்னையும் ஒருநாள் ஏற்றி நிறுத்திவிட்டு, "ஓட்டுறது நானா இருக்குறதுதான் காருக்கு நல்லது" என்று நோட்டில் எழுதினீர்கள். கார் என்னவோ நாளுக்கு நாள் மெலிந்தது. நாம் இருவரும்தான் மதினி கொண்டுவந்த கேக்கைத் தின்று பெருத்தோம்.

நான் கார்புரேட்டரை எடுத்துக்கொண்டேன். மலையில் காற்று லேசு என்பது உங்களுக்குப் புத்தகத்தில் தெரியும், எனக்கு வண்டியில் தெரியும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் இறங்குகிற துளை வைத்த பித்தளைத் துண்டு இரண்டு உண்டு, ஜெட் என்போம். கொடைக்கானலிலேயே ஓடுகிற வண்டிக்குச் சின்னத் துளை போடுவோம், இல்லையென்றால் கரும்புகை கக்கும். கீழ்நாட்டில் ஓடுகிற வண்டிக்குப் பெரிய துளை வேண்டும். சின்னத் துளையோடு கீழே இறங்கி முழு வேகத்தில் விரட்டினால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதித்து, பிஸ்டனே ஓட்டையாகிவிடும். இது ஸ்டாண்டில் இருக்கிற எல்லா டிரைவருக்கும் தெரிந்த பாடம். நான் மன்னவனூர்ப் பக்கம் சோதனை ஓட்டத்துக்குச் சின்ன ஜெட்டைப் போட்டேன். பந்தயத்துக்காகப் பெரிய ஜெட் இரண்டைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன். மலையிறங்கியதும் மாற்ற வேண்டியது. பத்து நிமிஷச் சோலி.

கிளாவரையிலிருந்து கோயம்புத்தூர் மண்டிக்குப் போகிற கேரட் லாரியில் காரை ஏற்றினோம். மூட்டைகளுக்கு நடுவே எண்ணூறு மணப்பெண் போல உட்கார்ந்திருந்தது. நாம் இருவரும் டிரைவர் பக்கத்தில். பனியில் கிளம்பியதால் இருவருக்கும் ஸ்வெட்டர். மலையிறங்குகிற நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஸ்வெட்டரைக் கழற்றுகிற ஒரு வளைவு உண்டு. கீழிருந்து முதல் வெக்கை முகத்தில் அடித்ததும் கை தானாக பட்டனுக்குப் போகும். அன்றும் போனது. நாம் இருவரும் கழற்றிச் சீட்டுக்குப் பின்னால் வீசினோம். அப்போதும் வாய் ஓயவில்லை. "பெரிய இஞ்சினா இருந்தா இன்னைக்கு நான் பயமில்லாம வருவேன்" என்று நான் சொல்ல, "நீங்க பயந்தா போதும், காருக்குப் பயமில்ல" என்று நீங்கள் சொல்ல, பழனி தாண்டி உடுமலை வருகிறவரை அதே பேச்சு. ஓடுபாதையில் காரை இறக்கிவிட்டு லாரி மண்டிக்குப் போய்விட்டது.

முதல் ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. தலையில் ஹெல்மெட்டோடு கோட்டைத் தாண்டிவிட்டு ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினீர்கள். இரண்டாவது ஓட்டத்தில் பாதி தூரம் போனதும் உள்ளே ஏதோ சிதறுகிற சத்தம். பிறகு புகை. பிறகு ஒன்றுமில்லை. நான் ஓடி வந்தபோது நீங்கள் இறங்கி, கதவோரம் தோளை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். "கோட்டையாவது தாண்டுவோம் வாங்க, வெரசா தள்ளுங்க." இரண்டு பேரும் மிச்ச இருநூறு மீட்டரைத் தள்ளியே கடந்தோம். அன்றைக்கு எல்லாரையும்விட நமக்குத்தான் அதிகக் கைதட்டல். பானெட்டைத் திறந்து பிரித்துப் பார்த்ததில் இரண்டாவது சிலிண்டரின் பிஸ்டனில் ஓட்டை. ஒரு விரல் நுழைகிற ஓட்டை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வெயிலும் ஏமாற்றமும் சேர்ந்து மண்டை வேலை செய்யவில்லை என்று சொல்லலாம். உண்மையில் உங்கள் இன்ஜின் தோற்றுவிட்டது என்பதில்தான் என் மனசு நின்றுகொண்டிருந்தது.

மாலையில் லாரி திரும்பி வந்து நம்மை ஏற்றிக்கொண்டது. பழனி தாண்டி மலையேறி, குளிர் பிடிக்கிற வளைவில் இருவரும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டோம். கையை ஸ்வெட்டர்ப் பையில் விட்டேன். காகிதப் பொட்டலம் கையில் தட்டியது. உள்ளே இரண்டு ஜெட்டும் அப்படியே இருந்தன.

அதே நேரம் நீங்கள் பேசினீர்கள். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

"நீங்க சொன்னதுதான் சரி சகலை. சின்ன இஞ்சின் தாங்கல. நான்தான் தராசு, கணக்குன்னு பேசிக் கெடுத்துட்டேன்."

சொல்லியிருக்கலாம். பெருமாள்மலை வரை ஒரு மணி நேரம் இருந்தது. ஒரே வாக்கியம்தான்: 'இஞ்சின் சரிதான், ஜெட்ட மாத்த மறந்துட்டேன்.' என் கை பைக்குள் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை கேட்டுக்கொண்டேன். வெட்கம் ஒரு காரணம். ஆனால் அதைவிட ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக நான் சொன்னது சரி என்று நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள். அது கேட்க நன்றாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்கு மட்டும் இதை அனுபவிப்போம் என்று நினைத்தேன்.

அந்த நாளை வரவேயில்லை. கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, நீங்கள் எழுந்து நின்று, "எங்க சகலைகிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அவரு பேச்சக் கேட்டிருந்தா இந்நேரம் ஷெட்டுல கப் இருந்திருக்கும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் தட்டில் மதினி இரண்டாவது துண்டு கேக் வைத்தார்கள். அதையும் தின்றேன் சகலை. தின்று முடித்துக் கையைத் துடைத்தபோது நீங்கள் என் பக்கம் குனிந்து, "அடுத்த தடவ பெரிய இஞ்சின்தான். நீங்க செலக்ட் பண்ணுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றீர்கள்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் பள்ளிக்கூட மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஏற்றம் எல்லாம் எனக்கு, சமதரை எல்லாம் உங்களுக்கு என்று பிரித்துக்கொண்ட மனுஷன் படிக்கட்டிலா போய் நிற்க வேண்டும் என்று கோபம்தான் வந்தது. பிறகு அழுதேன். கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது வாய் வரை வந்தது. அங்கேயும் சொல்லவில்லை.

காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகவேயில்லை. போன கோடையில் செல்லமுத்து அண்ணன் போன் செய்தார். "ரெண்டு வண்டி ஒடைச்சிருக்கேன். போன தடவ கேட்ட ரெண்டு சைசும் கெடக்கு. வேணும்னா வெள்ளனே வந்து பாருங்க, வெளியூர்க்காரங்களும் கேக்குறாங்க." நான் யோசித்துச் சொல்வதற்குள் ரோஸ்லின் மதினியிடம் சொல்லிவிட்டாள். மதினி மறுநாள் தான் வேலை பார்க்கிற சாக்லேட் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றார்கள். "அவரு கடைசியா ஆசப்பட்டது அந்தப் பெரிய இஞ்சின்தான். அதையே போடுங்க. நானும் வாரேன்."

மூன்று பேரும் என் டாக்ஸியில் இறங்கினோம். வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். பெரிய இன்ஜினை எடுத்தால், உங்கள் கடைசி ஆசையை நிறைவேற்றியவன் என்று பெயர். நல்ல பெயர், சிரமமில்லாத பெயர். ஆனால் அது என் பொய்யில் முளைத்த ஆசை. சின்னதை எடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். காயலான் கடையில் இரண்டு இன்ஜினும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, முன்பு போலவே. நான் எதையும் தொடாமல் நின்றேன்.

"என்ன இம்புட்டு யோசன? போன தடவ அவரு பேச்சக் கேட்டுச் சின்னதக் கொண்டுபோயி பொசுக்குனீங்க. இந்தத் தடவயாவது பெருசா எடுங்க," என்றார் செல்லமுத்து அண்ணன்.

அவர் உங்களைச் சொன்னதும் என்னால் முடியவில்லை. "அவரு பொசுக்கல. நான்தான் பொசுக்குனேன்," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்வெட்டர், ஜெட், திரும்பி வரும்போது பைக்குள் கை, கிறிஸ்துமஸ் கேக் எல்லாம். செல்லமுத்து அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மதினி என்னையே பார்த்தார்கள்.

"ஒன்றர வருஷமா? அவரு எல்லாரு முன்னாடியும் எந்திரிச்சு நின்னு மன்னிப்புக் கேட்டாரே, அப்பக்கூடவா வாயத் தொறக்கல?"

மதினி விடுவிடுவென்று போய் டாக்ஸிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரோஸ்லின் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாளு ஒங்களத் திட்டியிருப்பாரு. மூணாவது நாளு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பாரு. அந்தச் சிரிப்பக் கெடுத்துட்டீங்களே" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது சரியாக வலிக்கிற இடத்தில் போய்த் தைத்தது.

மதினி திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"சின்னதையே எடுங்க. ஆனா ஜெட்ட நான் வச்சுக்கிறேன். ஒங்க பையில வைக்க வேண்டாம்."

"சரிங்க மதினி."

"ஓட்டப்போறதும் நான்தான். நீங்க ரெண்டு பேரும் ஓட்டுன லட்சணத்தப் பாத்தாச்சு. அவரு நோட்டுல ஒங்க எடையும் எழுதி வச்சிருக்காரு, நானும் பாத்தேன்."

செல்லமுத்து அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு ரோஸ்லின். பிறகு மதினியே சிரித்துவிட்டார்கள். நான் தராசை இழுத்து வந்து, உங்களைப் போலவே இன்ஜினை அதில் தூக்கி வைத்து நிறுத்தேன். உங்கள் நோட்டில் எழுதியிருந்ததற்கும் அதற்கும் அரைக் கிலோ வித்தியாசம். செல்லமுத்து அண்ணன் தராசு அப்படித்தான்.

மூன்று மாதத்தில் காரை எழுப்பிவிட்டோம். ஒயரிங்கும் இல்லை, பெட்டியும் இல்லை, நீங்கள் சொன்னபடி நாலு போல்ட்டில் உட்கார்ந்தது. மிச்சத்தில் முன்சக்கரத்துக்கு நல்ல டயரும் புதுக் கிளட்சும் போட்டேன். மதினிக்குப் பழக்கம் கொடுக்கத்தான் இடமில்லை. ஏரியைச் சுற்றி விடிகாலையில் பத்து மீட்டர், இருபது மீட்டர் என்று கிளட்சை விட்டு விட்டுப் பழகினார்கள். வாக்கிங் போகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். நீங்கள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அதே ரோட்டில்தான் என்று மதினி சொன்னார்கள். அழவைத்துத்தான் கற்றுக்கொடுத்தீர்களாமே.

மறுபடியும் கேரட் லாரி. ஸ்வெட்டர் கழற்றுகிற வளைவு வந்ததும் மதினி கைப்பையைத் திறந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, ஜெட் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார்கள். பழனியில் இட்லி சாப்பிட்ட இடத்தில் இன்னொரு தடவை. உடுமலையில் மூன்றாவது தடவை. ஓடுபாதையில் நான் ஜெட்டை மாற்றி முடிக்கிறவரை தலைமாட்டிலேயே நின்றார்கள். கழற்றிய சின்ன ஜெட் இரண்டையும் வாங்கி அதே முடிச்சில் கட்டிக்கொண்டார்கள்.

பச்சை எரிந்தது. சகலை, நான் அப்போது கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்தை மட்டும் கேட்டேன். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. எங்கேயும் தடுக்கவில்லை. பதினேழு நொடியில் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். நான்கு ஓட்டம் ஓட்டினார்கள், நான்கிலும் இன்ஜின் முணுமுணுக்கக்கூட இல்லை. சின்னக் கார்கள் எட்டில் நாம் நான்காவது. பெரிய இன்ஜின் போட்ட ஒருவர் இரண்டாவது வந்தார், அதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். இனி எதையும் மறைப்பதாக இல்லை. ஆனால் இன்னொரு பெரிய இன்ஜின்காரரின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது, மதினி அவரைத் தாண்டிப் போனார்கள். நீங்கள் வாசலில் நின்று சொன்னது அப்படியே என் கண்முன் நடந்தது. மதினி இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி, "வளைவே இல்லாம ஓட்டுறதுக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றார்கள். பிறகு ஓடுபாதையின் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ரோஸ்லின் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் எழுந்து நிற்கப்போகிறேன். அதுவரை சும்மா இருக்க முடியவில்லை. டாக்ஸியில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் வளைவுக்கு வளைவு பாறையையும் அருவியையும் காட்டுவேன். இப்போது முதல் வளைவில் தராசில் ஆரம்பித்தால் வத்தலக்குண்டு வருவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். என் தப்பு வருகிற இடத்தில் குரலைக் குறைப்பதில்லை. ரோஸ்லின்கூட, "போதும், வாரவுகளுக்கு வாந்தி வருதோ இல்லையோ ஒங்க கத வருது" என்கிறாள்.

நேற்று மதுரைக்காரர் ஒருவரை இறக்கிக் கொண்டுபோனேன். கதை முழுவதையும் கவனமாகக் கேட்டார். இறங்கும்போது பர்ஸை எடுத்தபடியே, "எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒரு பழைய காரு கெடக்குங்க. என்ன இஞ்சின் போடலாம்னு ஒங்க சகலைய ஒரு வார்த்த கேக்கணும். அவரு நம்பரக் குடுங்களேன்" என்றார். கதையில் நீங்கள் இறந்துபோனதை மட்டும் நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. போனைக் கையில் எடுத்தேன். உங்கள் நம்பர் இன்னும் அதில் இருக்கிறது.

"என் நம்பரக் குறிச்சுக்கோங்க," என்றேன். "அவரு சொல்றதத்தான் நானும் சொல்லுவேன்."